லாபம் இருக்கு பாஸ்... காசு எங்கே?

இந்த நிமிஷம் உங்க ஹாஸ்டல்ல ஏதோ ஒரு ரூம்ல ஒரு பிசினஸ் பிறந்துட்டு இருக்கும். மணி ராத்திரி பதினொண்ணரை. மெஸ் சப்பாத்தி இன்னும் செரிக்கலை. ஒரே கட்டில்ல நாலு பேர். அதுல ஒருத்தன், “மச்சி, செம ஐடியா ஒண்ணு இருக்கு”ன்னு ஆரம்பிப்பான். விடியறதுக்குள்ள கம்பெனிக்குப் பேர் வெச்சு, லோகோ வரைஞ்சு, யாரு எம்.டி.ங்கிறதுல சண்டையும் போட்டு முடிச்சிருப்பீங்க.

கிண்டல் பண்ணலை. நானும் அந்தக் கட்டில்லேருந்து வந்தவன்தான். பேர், லோகோ, இன்ஸ்டா பேஜ் எல்லாம் வேணும்தான். ஆனா அந்த ராத்திரி பேச்சுல யாருமே எடுக்காத மேட்டர் ஒண்ணு இருக்கு. காசு எந்தத் தேதியில கையைவிட்டுப் போகுது? எந்தத் தேதியில திரும்பி வருது? இந்த ரெண்டு தேதிக்கு நடுவுல இருக்கிற நாட்கள்ல என்னத்தை வெச்சு வண்டி ஓட்டுறது? என் டீ-ஷர்ட் பிசினஸ்ல நான் உருப்படியா தெரிஞ்சுக்கிட்டது இது ஒண்ணுதான். அதுக்காக ஒரு நல்ல நண்பனோட முகத்தைத் தூக்கிவெச்சுக்கிட்டு மூணு வாரம் ஒரே ரூம்ல இருக்க வேண்டியும் வந்துச்சு.

முதல்ல பிசினஸ் எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்லிடறேன்.

2022 பிப்ரவரி. கொரோனாவுக்கு அப்புறம் காலேஜெல்லாம் ஒருவழியா திறந்து, ரெண்டு வருஷமா நடக்காத சிம்போசியத்தையெல்லாம் எல்லா டிபார்ட்மென்ட்டும் ஒரே மூச்சுல நடத்திக்கிட்டு இருந்த நேரம். மதுரையில இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிச்சுக்கிட்டிருந்தோம். எங்க டிபார்ட்மென்ட்டுக்கு 62 டீ-ஷர்ட் வேணும். விசாரிச்ச இடத்துல பீஸ் 280 ரூபாய் சொன்னாங்க. என் ரூம்மேட் (இனிமே அவனை ‘பார்ட்னர்’னே சொல்றேன், பேர் போட்டா உதைப்பான்) கேட்டான்: “திருப்பூர் என்ன அமெரிக்காவுலயா இருக்கு?”

ஆளுக்கு பத்தாயிரம் போட்டோம். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியா திருப்பூர் பஸ். இறங்கி நேரா காதர்பேட்டை. போனவங்களுக்குத் தெரியும்... சந்துக்குச் சந்து பனியன் மூட்டை. நாங்க ரெண்டு பேரும் கல்யாண மண்டபத்துல தொலைஞ்ச குழந்தைங்க மாதிரி நின்னோம். மூணாவது கடையில ஒரு அண்ணாச்சிதான் துணியைக் கையில கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஜி.எஸ்.எம்.னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிற கணக்கு. 160 கொஞ்சம் மெலிசு. 180 காலேஜ் பசங்களுக்குச் சரியா இருக்கும். பயோ-வாஷ் பண்ணின துணியில மேல இருக்கிற பிசிறு போயிடும், நாலு துவைப்புக்கு அப்புறம் பந்து பந்தா கிளம்பாது. நாலு வருஷ டிகிரியில இவ்வளவு சீக்கிரமா காசா மாறின கிளாஸ் எனக்கு இது ஒண்ணுதான்.

திருப்பூர்ல ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே பிறக்கிறது கம்மி. நூலைத் துணியா பின்றது ஒரு இடம், சாயம் போடறது ஒரு இடம், வெட்டித் தைக்கிறது ஒரு இடம், பிரின்ட் அடிக்கிறது இன்னொரு இடம். எல்லாத்துக்கும் ஜாப் வொர்க். அதனாலதான் எங்களை மாதிரி மெஷினே இல்லாத ரெண்டு பேர்கூட நடுவுல நுழைய முடிஞ்சது. பிளெயின் பீஸ் அங்கே வாங்குவோம், மதுரையில ஒரு ஸ்கிரீன் பிரின்டிங் பிரஸ்ல அடிப்போம். ஸ்கிரீன் பிரின்டிங்ல ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன். இருபது பீஸ் அடிச்சாலும் இருநூறு பீஸ் அடிச்சாலும் ஸ்கிரீன் செலவு அதேதான். அதனாலதான் எண்ணிக்கை கூடக்கூட ரேட் இறங்குது. (இப்போ டி.டி.எஃப். வந்துடுச்சு. ஃபிலிம்ல பிரின்ட் எடுத்து ஹீட் பிரஸ்ல ஒட்டறது. ஒரே ஒரு பீஸ்கூட அடிக்கலாம். அதே காரணத்தால தெருவுக்கு நாலு பேர் இந்தத் தொழிலுக்கு வந்துட்டாங்க, அது வேற கதை.)

கணக்கு இப்படி. பிளெயின் பீஸ் 135. பிரின்ட் 35. லாரி சர்வீஸ், கவர், சேதாரம் சேர்த்து 10. ஆக 180. நாங்க 230-க்குக் கொடுத்தோம். பீஸுக்கு 50 ரூபாய்.

அந்த 62 பீஸ் முடிஞ்சதும் மார்க்கெட்டிங் பண்றோம்னு கிளம்பினோம். இன்ஸ்டா பேஜ் ஆரம்பிச்சு, மாடலுக்கு ஜூனியரைப் பிடிச்சு, சூரிய அஸ்தமனத்துல போட்டோ எடுத்து... ஆயிரத்துச் சொச்சம் பேர் ஃபாலோ பண்ணாங்க. அத்தனை பேரும் ஹார்ட் போட்டாங்க. ஆர்டர்? ம்ஹும்.

பார்ட்னர்தான் யோசிச்சான். ஒரு டிபார்ட்மென்ட் டீ-ஷர்ட்டை யாரு முடிவு பண்றா? ஹெச்.ஓ.டி. இல்லை. டிசைன் போடறவனும் இல்லை. சிம்போசியம் கமிட்டியில காசு வசூல் பண்ற மூணாவது வருஷத்துப் பையனோ பொண்ணோதான். அவங்க தலைவலி என்ன? முதலாவது, சைஸ். “எனக்கு எம்-மா எல்-லா தெரியலையே”ன்னு அறுபது பேர் கேப்பாங்க. ரெண்டாவது, வசூல். நாப்பது பேர் கொடுத்துடுவாங்க, இருபது பேர் “நாளைக்குத் தர்றேன்”பாங்க.

அந்த ரெண்டு தலைவலிக்கும் நாங்க மருந்து கொண்டுபோனோம். எஸ்-லேருந்து டபுள் எக்ஸ்எல் வரைக்கும் ஒரு சைஸ் செட் பிளெயின் பீஸை ஒரு பையில போட்டு, கிளாஸ்ல ஒரு நாள் வெச்சிருவோம். போட்டுப் பார்த்து எழுதிக்கோ. வசூலுக்கு ஆன்லைன்ல ஒரு ஃபார்ம். பேர், சைஸ், யு.பி.ஐ.யில பாதிப் பணம். பணம் வந்த பேர் மட்டும்தான் பிரின்ட் லிஸ்ட்ல ஏறும். யு.பி.ஐ. 2016-ல வந்தது. அதுக்கு முந்தின சீனியர்கள் இந்தப் பிசினஸை எப்படித்தான் நடத்தினாங்களோ, கோயில் கட்டிக் கும்பிடணும். இதுல நாங்க ‘அட்வான்ஸ் கொடு’ன்னு வாயைத் திறந்து கேக்கவே வேண்டாம். ஃபார்ம் கேக்கும். கமிட்டிக்காரங்களுக்குத் தொல்லை போச்சு, எங்களுக்குப் பாதிக் காசு முன்னாலேயே வந்துச்சு. சூப்பர்ல?

மார்க்கெட்டிங்னதும் எனக்கு ஞாபகம் வர்றது நம்ம கடலூர்க்காரர் கதை. சி.கே.ரங்கநாதன். குடும்பத்தோட ‘வெல்வெட்’ ஷாம்பு கம்பெனியைவிட்டு வெளியே வந்து, 1983-ல 15,000 ரூபாயில ‘சிக்’ ஷாம்புவை ஆரம்பிச்சவர். அவர் அப்பா சின்னி கிருஷ்ணன்தான் சாஷேயில ஷாம்பு விக்கிற வழியை இங்கே போட்டுக் கொடுத்தவர். ஊர் முழுக்க வேற வேற சாஷே இருக்கும்போது புதுசா வந்த ‘சிக்’கை யார் வாங்குவா? ரங்கநாதன் ஒரு திட்டம் போட்டார். எந்தக் கம்பெனி காலி சாஷேயா இருந்தாலும் சரி, அஞ்சு கொண்டுவந்தா ஒரு சிக் சாஷே ஃப்ரீ. ஜனங்களுக்குப் பழகினதும் விதியை மாத்தினார்... இனிமே சிக் காலி சாஷே மட்டும்தான் செல்லும். யோசிச்சுப் பாருங்க. முதல் கட்டத்துல வந்தவங்க எல்லாம் ஏற்கெனவே ஷாம்பு போடற ஆளுங்க. ரெண்டாவது கட்டத்துல வந்தவங்க சிக் போடற ஆளுங்க. விளம்பரத்துக்குக் கொட்ட வேண்டிய காசு, குளிக்கிற ஆள் தலையிலேயே நேரா போய்ச் சேர்ந்துச்சு. அந்தக் கம்பெனிதான் பின்னால ‘கவின்கேர்’ ஆச்சு.

நமக்கு அந்த அளவெல்லாம் இல்லை. எங்களோட பெரிய விளம்பரம் ஒரு விபத்துல நடந்துச்சு. ஒரு டிபார்ட்மென்ட்டுக்குக் கொடுத்த 60 பீஸ்ல, ரெண்டு துவைப்புலேயே பிரின்ட் வெடிச்சு உதிர ஆரம்பிச்சது. பிரஸ்ல சூடு சரியா காட்டலை, மை துணியில பிடிக்கலை. பிரஸ்காரர் “பிரின்ட் கூலி வேணா விட்டுத் தர்றேன், பனியனுக்கு நான் பொறுப்பில்லை”ன்னுட்டார். 60 பீஸும் புதுசா அடிச்சுக் கொடுத்தோம், ஒரு ரூபாய் வாங்காம. கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் போச்சு. பார்ட்னருக்கும் எனக்கும் ஒரு வாரம் டீக்குக்கூட யோசனை. ஆனா அந்த டிபார்ட்மென்ட் பொண்ணு ஒருத்தி இதை யார் யார்கிட்ட சொன்னாளோ தெரியாது... அடுத்த ரெண்டு மாசத்துல மூணு புது ஆர்டர், மூணு பேரும் “கெட்டுப்போனா மாத்தித் தருவீங்களாமே?”ன்னு கேட்டுக்கிட்டுத்தான் வந்தாங்க.

2022 முடியும்போது 1,100 பீஸ் போட்டிருந்தோம். செலவெல்லாம் போக, ரொட்டேஷன் பணம் 50,000. முக்கால்வாசி நாள் அது பேங்க்ல இருக்காது, பனியனாத்தான் இருக்கும்.

இப்போதான் மேட்டருக்கே வர்றேன்.

2023 ஜனவரி. நாங்க ஃபைனல் இயர். வேற ஒரு காலேஜ்லேருந்து, மாணவர்கள் இல்லை, மேனேஜ்மென்ட்டே கூப்பிட்டாங்க. ஆண்டு விழாவுக்கு 1,800 டீ-ஷர்ட். போன வருஷம் பூரா நாங்க போட்டதைவிட ஜாஸ்தி, ஒரே ஆர்டர்ல! ரூமுக்கு வந்து பார்ட்னர் ஆடின ஆட்டத்துல கட்டில் ஒரு கால் இறங்கிடுச்சு.

ரேட் பேசி 205-க்குக் கொண்டுவந்தாங்க. 1,800 பீஸ்ங்கிறதால எங்களுக்கும் அடக்கம் 168-க்கு இறங்குச்சு. பீஸுக்கு 37. மொத்த லாபம் 66,600 ரூபாய். காலேஜ் பையனுக்கு இது என்ன தொகைன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு சின்ன விஷயம். அட்வான்ஸ் கிடையாது. “ஃபங்ஷன் முடியட்டும் தம்பி, பில்லைக் கொடுங்க, கமிட்டி சாங்ஷன் பண்ணி ரெண்டு மூணு மாசத்துல செக் வந்துடும். நாங்க எங்கே ஓடிப்போகப் போறோம்?”

அடக்கம் மட்டும் 3,02,400. திருப்பூர்ல எங்களுக்கு அப்போ கடன் கொடுக்கிற ஆள் இல்லை, ரொக்கம்தான். கையில 50,000. மீதி?

அம்மாவோட நகை எட்டு சவரன். எங்க வீட்ல அதுதான் பேங்க், இன்ஷூரன்ஸ், தங்கச்சி கல்யாணம் எல்லாமே. அன்னிக்கு விலைக்கு ரெண்டரை லட்சம் வரைக்கும் தருவாங்கன்னு விசாரிச்சு வெச்சிருந்தோம். போன்ல அம்மாகிட்ட சும்மாதான் சொன்னேன், கேக்கக்கூட இல்லை. “பெட்டியிலதானடா கிடக்கு, எடுத்துட்டுப் போ. உனக்கில்லாம யாருக்கு?”ன்னாங்க. ஒரு வார்த்தை யோசிச்சிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். அம்மாக்கள் யோசிக்கிறதே இல்லை.

அன்னிக்கு ராத்திரி ரெக்கார்டு நோட்டுக்குப் பின்பக்கம் உக்காந்து எழுதினேன். அதை உங்களுக்கும் காட்டறேன், பொறுமையா படிங்க.

லாபம் 66,600. ரெண்டரை லட்சத்துக்கு பத்து சதவீத வட்டி, மூணு மாசத்துக்கு 6,250. போக 60,350. இதுவரைக்கும் பார்ட்னர் கணக்கும் என் கணக்கும் ஒண்ணு. ஆனா எங்க சொந்த 50,000-மும் அந்த மூணு மாசம் அதுக்குள்ள மாட்டிக்கும். அது எந்த மூணு மாசம்? பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். சிம்போசியம் சீசன்! 100 பீஸ் ஆர்டருக்கு அடக்கம் 18,000, பாதி அட்வான்ஸ் 11,500 வந்துடும், எங்க கையிலேருந்து போறது 6,500தான். அதுவும் பத்துப் பதினைஞ்சு நாள்ல திரும்பிடும். அந்த 6,500 கையில இல்லேன்னா ஆர்டரே எடுக்க முடியாது. போன வருஷத்தை வெச்சுப் பார்த்தா சீசன்ல எட்டு ஆர்டராவது வரும். ஆர்டருக்கு 5,000 வெச்சா 40,000 லாபம். அதை விட்டுட்டுத்தான் பெரிய ஆர்டரை எடுக்கணும். அப்போ அந்தப் பெரிய ஆர்டரால எங்களுக்குக் கூடுதலா கிடைக்கிறது 60,350-ல 40,000 போக, 20,350.

இருபதாயிரத்துச் சொச்சத்துக்கு எங்க மொத்த முதலும், அதுக்கு மேல அஞ்சு மடங்கு கடனும், ஒரே ஒரு செக்கை நம்பி நிக்கணும். அந்த செக் மூணாவது மாசம் வராம ஆறாவது மாசம் வந்தா?

பார்ட்னர்கிட்ட நோட்டை நீட்டினேன். அவன் பார்த்துட்டு, “நீ பரீட்சையில இப்படி ஸ்டெப் போட்டிருந்தா அரியர் விழுந்திருக்காது”ன்னான். அப்புறம் அவன் பக்கத்தைச் சொன்னான். அதையும் நான் நேர்மையா சொல்லணும், ஏன்னா அவன் பேசினதுல அர்த்தம் இருந்துச்சு. “1,800 பேர் நம்ம டீ-ஷர்ட்டைப் போட்டுக்கிட்டு ஊர்ல சுத்துவான். அதுக்கு நீ என்ன விலை போட்ட? அடுத்த வருஷம் அதே காலேஜ் நம்மளைத்தான் கூப்பிடும், அதுக்கு? நூறு பீஸ், நூறு பீஸ்னு போட்டா எப்படா பெரிய ஆளாகறது?” என் நோட்டுல அதுக்கெல்லாம் காலம் இல்லை. விலை போடத் தெரியலை, அதான் உண்மை.

சட்டத்துல ஒரு வழி இருக்குன்னு சீனியர் ஒருத்தர் சொன்னார். இதை எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. 2006-ல வந்த சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டம் இருக்கு. பதிவு பண்ணின சின்ன உற்பத்தியாளர்கிட்டயோ சேவை கொடுக்கிறவர்கிட்டயோ சரக்கு வாங்கினவங்க, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்கு மேல பணத்தை இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லேன்னா 15 நாள். தாண்டினா கூட்டு வட்டி. அந்தப் பதிவுக்குப் பேர் ‘உத்யம்’, 2020 ஜூலையிலேருந்து இருக்கு, முழுக்க இலவசம். ‘நாங்க பண்ணித் தர்றோம், ரெண்டாயிரம் கொடுங்க’ன்னு யாராவது வந்தா ஓடிடுங்க. ஆனா வாங்கி விக்கிற வியாபாரிக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது. பிளெயின் பனியனை வாங்கி, வெளியே பிரின்ட் அடிச்சுக் கொடுக்கிற நாங்க உற்பத்தியாளரா, வியாபாரியான்னே வாதாடலாம். சரி, உற்பத்தியாளர்னே வெச்சுக்குவோம். ரெண்டு மாணவர்கள் ஒரு காலேஜ் மேனேஜ்மென்ட் மேல புகார் கொடுத்துட்டு, அதே ஊர்ல அடுத்த ஆர்டர் கேட்டு எந்த கேட்டுக்குள்ள நுழையறது?

கடைசியா ஒரு முயற்சி. நாலுல ஒரு பங்கு அட்வான்ஸாவது கொடுங்கன்னு போய்க் கேட்டோம். அங்கே இருந்தவர் சிரிச்சார். கெட்ட மனுஷன் எல்லாம் இல்லை. “தம்பி, எங்க சிஸ்டத்துல அப்படி இல்லைப்பா”ன்னார். வெளியே வந்து பைக்ல உக்காந்தோம். “நாம எடுக்கலை”ன்னு நான் சொன்னேன். பார்ட்னர் வண்டியை ஸ்டார்ட் பண்ணலை. ரொம்ப நேரம் கழிச்சு, “உங்க அம்மா நகைன்னுதானே? எங்க வீட்ல நகை இருந்திருந்தா நான் வெச்சிருப்பேன்”ன்னான். பதில் சொல்லலை. என்ன சொல்றது?

அந்த சீசன்ல ஒன்பது ஆர்டர் வந்துச்சு. 940 பீஸ். லாபம் 45,000. என் நோட்டு கணக்கு பலிச்சதுல எனக்குக் கொஞ்சம் குஷி, ஆனா கொண்டாட ஆள் இல்லை. அவன் பிரஸ்ல நிப்பான், பார்சல் இறக்குவான், எல்லா வேலையும் செய்வான், பேச மட்டும் மாட்டான். மே மாசம் கோர்ஸ் முடிஞ்சது. கணக்குப் பார்த்தோம், முதல் 90,000. அவனுக்கு ஐ.டி. கம்பெனி ஆஃபர் ஏற்கெனவே கையில இருந்துச்சு. “45,000 கொடு, நான் கிளம்பறேன்”ன்னான். கொடுத்தேன். அந்த ஆர்டரை எடுத்திருந்தா அவன் இருந்திருப்பானான்னு நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. இப்பவும் பொங்கலுக்கு வருவான், அம்மா கையால சாப்பிடுவான். டீ-ஷர்ட் பத்தி மட்டும் ரெண்டு பேரும் பேச மாட்டோம்.

அப்புறம் நான் மட்டும். கையில பாதிப் பணம்தான். அதுலேருந்து எப்படி வளர்ந்தேன்னு கேட்டா, நாட்களைச் சேர்த்து. காதர்பேட்டை அண்ணாச்சிக்கு ஏழெட்டு மாசம், சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே பணம் போட்டேன். ஒரு நாள் அவராவே, “15 நாள் கழிச்சுக் கொடு, ஒண்ணும் ஓடிடாது”ன்னார். யோசிச்சுப் பாருங்க... கஸ்டமர்கிட்ட பாதி முன்னால வருது, துணிக்காரருக்கு 15 நாள் பின்னால போகுது. நடுவுல என் காசே தேவையில்லை! எந்த பேங்க்கும் கொடுக்காத வட்டியில்லாக் கடன். அந்த 15 நாளுக்காக நான் 15 மணி நேரம் பஸ்ல நின்னுக்கிட்டு வேணாலும் திருப்பூர் போவேன்.

பேங்க்கும் உண்டு. முத்ரா கடன்ல ‘சிஷு’ன்னு ஒரு பிரிவு, 2015-லேருந்து இருக்கு. 50,000 வரைக்கும், அடமானம் வேண்டாம். அதுக்குப் போனப்போ மேனேஜர் என் ஐடியாவைப் பத்தி ஒரு கேள்வி கேக்கலை. கரன்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன். இருக்கா, இல்லையா? இருந்துச்சு. வரி கட்ட வேண்டிய வருமானமே இல்லாத காலத்துலயும் ரிட்டர்ன் போட்டு வெச்சிருந்தேன். காரணம் அதே சிக் ஷாம்பு கதை. ரங்கநாதனுக்கும் ஆரம்பத்துல மூணு வருஷம் எந்த பேங்க்கும் கடன் கொடுக்கலையாம். கடைசியில கிடைச்ச முதல் கடன் 25,000. அடமானம் கொடுக்க ஒண்ணுமில்லாத ஆளுக்கு எப்படிக் கிடைச்சுது? இந்தச் சின்னக் கம்பெனி மத்தவங்க மாதிரி இல்லாம வருமான வரி கட்டுதுன்னு அந்த மேனேஜர் கோப்புல எழுதினதுதான் காரணம்னு அவரே பேட்டியில சொல்லியிருக்கார்.

உங்க கட்டில் மீட்டிங்குக்கு நான் ஒரே ஒரு வேலைதான் தருவேன். ஆர்டர் நோட்டுல ஒவ்வொரு ஆர்டருக்கும் நேரா லாபத்தை எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு தேதியை எழுதுங்க. காசு போற தேதி, காசு வர்ற தேதி. ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நாளோ அதை சிவப்பு மையில வட்டம் போடுங்க. கேக்கு செஞ்சு விக்கிற தங்கச்சிக்கு அது ஒரு நாளா இருக்கும். கல்யாண போட்டோ எடுக்கிறவருக்கு ஆல்பம் கொடுக்கிற வரைக்கும் ஆறு மாசமா இருக்கும். வட்டத்துக்குள்ள இருக்கிற நம்பர் பெருசா இருந்தா தப்புன்னு நான் சொல்லலை. அந்த நாட்களுக்கு யார் வீட்டு எட்டு சவரன் பொறுப்பு ஏற்கப்போகுதுன்னு பக்கத்துலயே எழுதிடுங்க.

கேக்க மறந்துட்டீங்களே... அந்த 1,800 பீஸ் ஆர்டர் என்னாச்சு? எடுத்தார் ஒரு அண்ணன். நல்லா பண்ணினார். பணமும் வந்துச்சு, அஞ்சாவது மாசம். அடுத்த வருஷமும் அவருக்கேதான் ஆர்டர். அதைக் காட்டி இன்னும் ரெண்டு காலேஜ் பிடிச்சு, இப்போ சொந்தமா பிரின்டிங் யூனிட் போட்டிருக்கார், வேலைக்கு ஏழு பேர். பார்ட்னர் சொன்னது அச்சு அசலா நடந்துச்சு, ஆனா வேற ஒருத்தருக்கு. என் பிரின்டிங்ல பாதி இப்போ அவர்கிட்டதான் போகுது. போன மாசம் பில் போடும்போது கேட்டேன், “அந்த அஞ்சு மாசம் எப்படிண்ணே ஓட்டினீங்க?”

“அதை ஏன் தம்பி கேக்குறீங்க? வீட்ல நகையை வெச்சேன். பணம் வந்ததும் துணிக்காரருக்கும் கைமாத்து வாங்கினவங்களுக்கும்தான் கொடுத்தேன். நகையைத் திருப்பப் பதினோரு மாசம் ஆச்சு. அதுக்குள்ள ரெண்டு கல்யாணம் வந்துச்சு, அவ ரெண்டுக்கும் போகலை.”

சொல்லிக்கிட்டே என் பில்லுல தேதியைப் போட்டு நீட்டினார். 15 நாள்.